மணற்காட்டில் காரைத் திருப்பினேன்

கடலுக்குப் போன என் கணவர் இரண்டு இரவு கழிந்தும் கரைக்கு வரவில்லை.

இந்த ஒரு வரியை எழுதும்போது, பத்து வருடத்துக்கு மேலாகியும், என் விரல்கள் குளிர்ந்துபோகின்றன. ஆனாலும் எழுதுகிறேன். சந்நிதி முருகன் வாசலில் வெள்ளிக்கிழமைகளில் என்னோடு இருந்து கும்பிடுகிற சகோதரிகள் பலர், "புவனமக்கா, அண்டைக்கு என்ன நடந்ததெண்டு ஒருக்கால் முழுக்கச் சொல்லுங்கோவன்" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். எழுதுவதென்றால் நிறுத்தி, மூச்சு விட்டு, மீண்டும் தொடரலாம். முருகன் எனக்குச் செய்ததை நான் சொல்லாமல் போனால் அது அவனுக்கு நான் செய்கிற துரோகம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கார்த்திகை மாதம், விளக்கீட்டுக்கு முந்திய கிழமை. நாங்கள் அப்போது மயிலிட்டியில் கடற்கரையோடு இருந்தோம். என் கணவர் சிவபாதத்திடம் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. கூடப் போகிறவன் ஞானம். இருபது, இருபத்தொரு வயதுப் பெடியன். தாய் தகப்பன் இல்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, எங்கள் விறாந்தையில்தான் படுக்கை. இவரை "அண்ணை" என்பான், என்னை "அண்ணி" என்பான்.

பருத்தித்துறைப் பக்கம் நல்ல மீன் படுகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் அன்று கிழக்கே போனார்கள். போகும்போது கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பொழுதுபட வாடைக் காற்றுத் தொடங்கியது. பிறகு அது வாடை இல்லை, புயல். நள்ளிரவில் காற்றுத் திசை மாறி மேற்கிலிருந்து அடித்தது. கூரை ஓடுகள் கடதாசிபோலப் பறந்தன. நானும் மாமியும் குசினிக்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமி தன் மகனின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் காற்றுக்குக் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று பயந்தவள்போல வாயைப் பொத்திக்கொண்டிருந்தா.

அடுத்த நாள் முழுவதும் கடல் ஆடியது. ஒருவராலும் இறங்க முடியவில்லை. அதற்கடுத்த விடியலில் காற்று விட்டுவிட்டது. ஊரில் மிஞ்சிய வள்ளங்களில் ஆண்கள் எல்லோரும் தேடிப் போனார்கள். எங்களுடையது மட்டுமல்ல, இன்னும் சில வள்ளங்களும் வரவில்லை. தந்திக் கம்பங்கள் விழுந்துகிடந்தன. பஸ் ஓடவில்லை. பெண்கள் நாங்கள் கரையில் வரிசையாக நின்று ஒன்றுமில்லாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் பக்தியில் ஊறி வளர்ந்தவள் அல்ல. பிறந்தது மலாயாவில், ஈப்போவில். அப்பா அங்கே கடை வைத்திருந்தார். கடைச் சாமான் ஏற்றும் வாகனத்தை ஓட்ட எனக்கும் பழக்கிவிட்டார். சாமி படத்துக்குப் பூ வைப்போம், தைப்பூசத்துக்குப் போவோம், அவ்வளவுதான். கலியாணம் முடித்து இங்கே வந்த பிறகும் மாமி கூப்பிட்டால் கோயிலுக்குப் போவேன், கைகூப்புவேன், வருவேன். கடவுள் இல்லை என்று நான் நினைத்ததில்லை. அவரிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கு இருந்தது. ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

கரையில் நின்ற, பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான ஒரு வயதான சம்மாட்டியார், கடலில் மிதந்த ஓலைகளைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "நீவாடு கிழக்காலை இழுக்குது. முனை தாண்டினால் தெற்காலை கொண்டுபோகும். இஞ்சை நிண்டு பார்த்துப் பிரியோசனம் இல்லை, பிள்ளை."

நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். அந்தச் சொல் என்னைப் பிடித்துத் தள்ளியது. கிழக்கே. அப்படியென்றால் கரையோடு போகிற றோட்டும் கிழக்கேதான் போகிறது.

சந்தியில் கந்தையா அண்ணையின் ஹயர் கார் நிற்கும். சாம்பல் நிற மொறிஸ் மைனர். கலியாணம், ஆசுப்பத்திரி, செத்த வீடு, எல்லாவற்றுக்கும் ஊருக்கு அதுதான். நான் போனபோது கார் முறிந்து விழுந்த முருங்கை மரக் கிளைகளுக்கு அடியில் நின்றது. கந்தையா அண்ணை கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் இருந்தார். புயலில் சுவர் விழுந்து கை முறிந்துவிட்டது.

"அண்ணை, கார் வேணும். கரையோடை பருத்தித்துறை போகவேணும், அங்காலையும் போகவேணும்."

"ஆர் பிள்ளை ஓட்டுறது? என்ரை கையைப் பார்."

"நான் ஓட்டுவன்."

அவர் சிரிக்கவில்லை. "மெய்யாவோ?"

"ஓம் அண்ணை. ஈப்போவிலை ஓட்டினனான். இஞ்சத்தை லைசென்சும் இருக்கு."

"தனியப் போகப் போறியோ? றோட்டெல்லாம் மரம். பொம்பிளைப் பிள்ளை..."

"வீட்டிலை இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும், அண்ணை."

அவர் மடியிலிருந்து கார்த் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். "இரண்டாவது கியருக்குப் போகேக்கை கொஞ்சம் இறுகும், அமத்திப் போடு. வாடகையைப் பற்றிப் பிறகு கதைப்பம். சிவபாதத்தோடை வந்து தா."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். கிளைகளை இழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தவர்கள் விலகி நின்றார்கள். எஞ்சின் பிடித்தது. மயிலிட்டிப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாமி கரையிலிருந்து கையை உயர்த்தினா. ஆசீர்வாதமா, நிறுத்தச் சொன்னதா, இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்வேன்! இரண்டு இரவு நித்திரை இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் விழித்திருந்தேனா என்று தெரியவில்லை. புயல் கழுவிவிட்ட வெளிச்சம் எதிலும் பட்டுத் தெறிக்காமல் எல்லாவற்றுக்குள்ளும் இறங்கியிருந்தது. இடப்பக்கம் கடல். வெளிறிய பச்சை. அதற்கப்பால் நீலம். இத்தனை அட்டகாசம் செய்துவிட்டு, குழந்தை நித்திரையில் மூச்சு விடுவதுபோல் கரையைத் தொட்டுத் தொட்டுப் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

தலையில்லாத பனைகள் நின்றன. றோட்டின் குறுக்கே மணல் அலை அலையாகக் கிடந்தது. நண்டுகள் சாவகாசமாகத் தாரில் ஏறி மறுபக்கம் இறங்கின. ஓரிடத்தில் ஒரு வள்ளம் வெங்காயத் தோட்டத்தின் நடுவில், அங்கேயே முளைத்ததுபோல், நிமிர்ந்து இருந்தது. நான் காரை நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்களுடையது இல்லை.

கலியாணமான புதிதில் இவர் எனக்கு ஒரு வாக்குத் தந்திருந்தார். "ஒருநாளைக்குக் கார் பிடிச்சுக்கொண்டு மயிலிட்டியிலையிருந்து மணற்காடு மட்டும் உன்னைக் கரையாலை கூட்டிக்கொண்டு போறன். நான் கடலாலை பாக்கிற ஊரெல்லாம் நீ றோட்டாலை பாக்கவேணும்." அந்த ஊர்களைக் கடலிலிருந்து எப்படித் தெரியும் என்று இரவில் சொல்லுவார். பலாலிப் பக்கம் தனியாக நிற்கும் ஒரு சோடிப் பனை. தொண்டைமானாற்று வாய் வெளிச்சமாக விரியும் இடம். வல்வெட்டித்துறைக் கோயில் கோபுரம். கப்பல்களுக்கு வழிகாட்டும் பருத்தித்துறை வெளிச்சவீடு. அவர் சொன்ன ஒவ்வொன்றும் காரின் கண்ணாடிக்கு முன்னால் வந்து, நின்று, பின்னால் போனது. பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. ஆனாலும் யாரோ காதுக்குள் சொல்லிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. இதுதான் அது, புவனம். இதுதான் அது.

ஒவ்வொரு துறையிலும் நிறுத்தினேன். இறங்கிக் கேட்டேன். மயிலிட்டி வள்ளம், பச்சை நிறம், இரண்டு பேர். ஒவ்வொரு துறையிலும் தலையை ஆட்டினார்கள். சில இடங்களில் அவர்களே என்னிடம் கேட்டார்கள், "வாற வழியிலை எங்கடை ஆக்கள் ஆரையும் கண்டியளோ?" என்று. நானும் தலையை ஆட்டினேன்.

சந்நிதிக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று நான் புறப்படும்போது நினைக்கவில்லை. தொண்டைமானாற்றுக் கரையில் றோட்டில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் பொறுக்கவேணும், தங்கச்சி" என்றார்கள். காரை விட்டுவிட்டு நடந்தேன். கோயிலில் மணி கேட்டது. கால் தானாகப் போனது.

அங்கே பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். மந்திரம் இல்லை, பாட்டு இல்லை. மௌனம். நான் முன்பும் அதைப் பார்த்திருக்கிறேன், விநோதமாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கட்டிய வாயைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்தது. புறப்பட்டதிலிருந்து நான் ஒரு பிரார்த்தனை தேடிக்கொண்டிருந்தேன். என்ன நேர்த்தி வைப்பது, எந்தச் சொல்லால் கேட்பது, இத்தனை நாள் கேளாதவளுக்கு அவன் காது கொடுப்பானா என்றெல்லாம் மனம் அலைந்தது. இங்கேயோ பூசை செய்பவருக்கே சொல் இல்லை. சொல் தேவையில்லாத இடம் இது என்று விளங்கியது. வேலின் முன்னால் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் காட்டினேன். பார், இப்படி இருக்கிறேன் என்று.

பூசகர் திருநீற்றைத் தந்தபோது ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு கை திருநீறு எடுத்து, இலையில் மடித்துத் தந்தார். கேளாமல் தந்தார். அதைச் சேலை முடிச்சில் கட்டிக்கொண்டேன்.

வெளியே மரம் வெட்டி விலக்கியிருந்தார்கள்.

வல்வெட்டித்துறை, பொலிகண்டி, பருத்தித்துறை. வெளிச்சவீட்டைக் கடந்தபோது றோட்டும் கடலும் சேர்ந்து தெற்கே திரும்பின. கற்கோவளத்தில் கேட்டேன். அங்கே கட்டுமரங்களை அப்போதுதான் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தார்கள். "இனித்தான் போய்ப் பார்க்கப்போறம், தங்கச்சி." வல்லிபுரக் கோயில் கோபுரத்தை வலப்பக்கம் விட்டுப் போனேன். அதற்கப்பால் மணல்.

மணற்காட்டை முதன்முதலாகப் பார்க்கிற எவருக்கும் மூச்சு நிற்கும். வெள்ளை மணல் மலைகள். அவற்றின் மேல் காற்று வரைந்த கோடுகள். ஒரு காலடி கிடையாது. வானத்துக்கும் மணலுக்கும் நடுவில் எல்லை தெரியவில்லை. காரின் சத்தத்தையும் அந்த மணல் குடித்துவிட்டது. நான் ஓடிக்கொண்டிருக்கிறேனா, நிற்கிறேனா, மணல்தான் என்னைக் கடந்து போகிறதா என்று புரியவில்லை. இறந்துபோனவர்கள் இப்படித்தான் போவார்களோ என்று நினைத்தேன். அந்த நினைவு வந்ததும் இவர் இறந்துவிட்டார் என்று முடிவாகத் தெரிந்ததுபோல் ஒரு குளிர் வந்தது. காரை நிறுத்தி ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதேன். முதல் தடவையாக அழுதேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். நடுத்தர வயதுப் பெண். கழுத்தில் சிலுவை மாலை. மணற்காடு கத்தோலிக்க வேதக்காரர்களின் ஊர்.

"பிள்ளை, கார் எங்கையிருந்து வந்தது? கர்த்தரே, கார் ஒண்டு வந்திட்டுது! ஒரு பெடியன் கரையிலை கிடக்கிறான். கால் பிளந்து கிடக்கு. இரத்தம் நிக்குதில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஒண்டும் இல்லை."

அவவின் பெயர் திரேசம்மா. அவவுக்குப் பின்னால் மணலில் விழுந்து விழுந்து ஓடினேன். கரையில் மீனவர்கள் தங்கும் ஓலை வாடி ஒன்றில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். உதடு வெடித்து, தோல் வெளுத்து, காலில் சீலை சுற்றிக் கிடந்தான்.

ஞானம்.

அவன் மட்டும்தான்.

பக்கத்தில் விழுந்து அவன் முகத்தைப் பிடித்தேன். "ஞானம், அண்ணை எங்கை?"

கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் கண்டானோ தெரியாது. "வள்ளம் உடைஞ்சு போச்சு. பலகை ஒண்டுதான். இரண்டு பேருக்கும் தாங்கேல்லை." மூச்சு வாங்கினான். "அண்ணை கையை விட்டிட்டார், அண்ணி. நான் பிடிச்சனான். அவர் விட்டிட்டார்."

மறுபடி கண்ணை மூடிவிட்டான்.

சகோதரிகளே, அந்த இடத்தில் என் மனம் போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். றோட்டு இன்னும் தெற்கே போகிறது. இதே கரையில் நாகர்கோயில் என்ற ஊர் இருக்கிறது, செம்பியன்பற்று இருக்கிறது. பொழுது இருக்கிறது. இவர் அந்தப் பக்கம் எங்காவது இதுபோல ஒதுங்கிக் கிடக்கலாம். நான் போனால் காணலாம். காரைத் திருப்பினால், அந்தக் கரைகளை யார் பார்ப்பார்கள்? ஆனால் ஞானத்தின் காலிலிருந்து இரத்தம் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் கையை விட்டது இவன் வாழவேண்டும் என்றுதான். அவர் கொடுத்ததை நான் அந்த மணலில் போட்டுவிட்டுப் போவதா?

எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் நின்றேன். அலை என் காலை நனைத்தது. அப்போதுதான் எனக்குச் சொல் வந்தது. சந்நிதியில் வராத சொல். உரத்துத்தான் சொன்னேன், திரேசம்மாவும் கேட்டிருப்பா.

"முருகா, நான் இவனைப் பார்க்கிறன். நீ அவரைப் பார்."

அவ்வளவுதான். அழுகை இல்லை, பேரம் இல்லை, நேர்த்தி இல்லை. சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் எடுத்து வேறு யாரோ தோளில் வைத்ததுபோல் இருந்தது. அவர் கிடைத்துவிடுவார் என்ற நம்பிக்கை அல்ல அது. அப்படிச் சொன்னால் பொய். அவர் இனி என் கையில் இல்லை, ஆனால் ஒரு கையில் இருக்கிறார் என்ற அமைதி.

சேலை முடிச்சை அவிழ்த்து ஞானத்தின் நெற்றியில் திருநீறு பூசினேன். பெண்களாகச் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு மணல் ஏறிக் கார்வரை வந்தோம். திரேசம்மா பின்னால் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டா.

"நீங்களும் வாறியளோ?" என்றேன்.

"அவனைப் பிடிக்க ஆர் இருக்கினம்? நீ ஓட்டு, பிள்ளை."

காரைத் திருப்பினேன்.

திரேசம்மா பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தா. நான் முன்னால் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டும் கலந்து ஒரே தாலாட்டுப்போல் காருக்குள் சுற்றியது. மந்திகை ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். றோட்டை மூடிய மணலில் நின்றால் காரின் சில்லுப் புதைந்துவிடும். ஒரே பிடியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

வல்லிபுரத்துக்குக் கிட்ட, கற்கோவளப் பக்கமிருந்து வரும் தடத்தில், ஆண்கள் சிலர் கட்டுமரத்துப் பாய்ச்சீலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையைக் காட்டினார்கள். நிறுத்தினால் புதையும் என்று தெரிந்தும் நிறுத்தினேன். கிளச்சை மிதித்து, எஞ்சின் நின்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இன்னொரு ஆள். இப்பதான் கட்டுமரத்திலை ஏத்திக்கொண்டு வந்தனாங்கள். மூச்சு மட்டுந்தான் இருக்கு. இடம் இருக்கோ?"

"முன்னாலை ஏத்துங்கோ. கெதியா ஏத்துங்கோ, கார் புதையப் போகுது!"

பாய்ச்சீலையோடு அவரை முன் ஆசனத்தில் இருத்திக் கதவைச் சாத்தினார்கள். தலையைத் துவாயால் சுற்றியிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மை இதுதான்: காலையிலிருந்து ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது அவர் இல்லை. இன்னொரு தடவை அப்படிப் பார்க்க என்னிடம் பலம் இருக்கவில்லை. யாரோ ஒருத்தியின் புருசன், அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்றுதான் நினைத்தேன். ஆட்கள் பின்னால் தள்ளினார்கள். கார் உதறி, எழுந்து, ஓடத் தொடங்கியது.

"பயப்பிடாதேங்கோ, ஆசுப்பத்திரி கிட்டத்தான்" என்று றோட்டைப் பார்த்தபடியே சொன்னேன். காற்று அடைத்து, அழுது, என் குரல் எனக்கே ஆண்குரல்போலக் கேட்டது.

வல்லிபுரக் கோயில் கோபுரம் பின்னால் போனது. பிறகு உப்பில் அறுந்த ஒரு குரல் வந்தது.

"ஐயா... ஞானம் எண்டு ஒரு பெடியன்... கரைக்கு வந்தவனோ, கேள்விப்பட்டியளோ?"

கார் ஒருமுறை றோட்டை விட்டு விலகித் திரும்பி வந்தது. அப்போதும் நான் பார்க்கவில்லை. பார்த்தால் கனவு கலைந்துவிடும்போல் இருந்தது.

"வந்திட்டான்" என்றேன். "பின்னாலை கிடக்கிறான். உயிரோடை இருக்கிறான்."

அவர் அழுதார். உடம்பில் தண்ணீர் இல்லாதவரின் அழுகை, சத்தம் மட்டும். "முருகா" என்றார். "காப்பாத்திப்போட்டாய்." பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார் என்று நினைக்கிறேன். "உங்களுக்குப் பெரிய புண்ணியம், ஐயா."

"ஐயா இல்லை" என்றேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை. "நான். நான் புவனம்."

பின்னால் செபமாலை நின்றுவிட்டது.

இப்போது திரும்பிப் பார்த்தேன். முகம் வீங்கி, உப்புப் படிந்து, கண் இரண்டும் மூடிப்போயிருந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை, எனக்கு அவரைத் தெரியவில்லை. பாய்ச்சீலைக்குள்ளிருந்து கையை நீட்டி என் தோளைத் தடவினார்.

"புவனமோ? அப்ப ஆர் கார் ஓட்டுறது?"

"நான்தான் ஓட்டுறன்."

கையை எடுத்து ஆசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்பிடியெண்டால் மெல்ல ஓட்டு" என்றார்.

பின்னால் திரேசம்மா விம்மி விம்மி அழுதா. அழுதுகொண்டே சிரித்தா. நானும் அப்படித்தான். அழுகையில் றோட்டுத் தெரியவில்லை. ஆனால் கார் போனது. அதை யார் ஓட்டினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆசுப்பத்திரியில் இருவரையும் ஒரே வாட்டில் கிடத்தினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இருவரில் ஒருவருக்கும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டொக்டர். நான் தெற்கே போயிருந்தால் பொழுதுபட்டுத்தான் திரும்பியிருப்பேன். அந்த றோட்டில் அன்று வேறு வாகனம் ஓடவில்லை. ஞானத்துக்காகத் திருப்பிய கார்தான் அவருக்கும் வந்தது. இதை நான் எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பல நாள் கழித்து, கண் வீக்கம் வற்றியபின், அவரிடம் கேட்டேன். "கையை விட்ட பிறகு முருகனிட்டை என்ன கேட்டனீங்கள்?"

"எனக்கெண்டு ஒண்டும் கேக்கேல்லை" என்றார். "உந்தப் பெடியனைக் கரையிலை சேர்த்துவிடு எண்டுதான் கேட்டனான். பிறகு வள்ளத்தின்ரை உடைஞ்ச துண்டொண்டு கையிலை தட்டுப்பட்டுது. அதைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன். அவ்வளவுதான் தெரியும்."

இதைவிட நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தப் புயலில் எங்கள் ஊரில் திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெண்களும் கும்பிட்டவர்கள்தான், என்னைவிட அதிகமாகக் கும்பிட்டவர்கள். எனக்கு ஏன் தந்தான், அவர்களுக்கு ஏன் தரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்பவர்களை நான் நம்புவதும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அந்த வீடுகளுக்குப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வருவேன். கதைக்க ஒன்றும் இருக்காது. சும்மா இருப்பேன். அதுவும் அவன் முன்னால் நிற்பதுபோலத்தான்.

ஞானம் காலைச் சற்று இழுத்து நடக்கிறான். கடலுக்குப் போவதில்லை. இப்போது அவனுக்குக் கலியாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பெயர் வைக்கத் திரேசம்மாவைத்தான் கூப்பிட்டோம். இவர் இரண்டு வருடம் கடலைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு விடியலில் வலையை எடுத்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை.

நானும் மாறிப்போனேன். கந்தையா அண்ணையின் கை சரியாகக் கூடவில்லை. "நீயே ஓட்டு, பிள்ளை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கரையில் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களையும் வருத்தக்காரர்களையும் நான்தான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். எந்த வேளையிலும் வந்து தட்டலாம். யாரையாவது ஏற்றிக்கொண்டு போகும்போது, பக்கத்தில் இருப்பவரின் முகத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் கிளச்சை விடுவேன். அது யாராக இருந்தாலும் எனக்கு வேண்டியவராகத்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமைகளில் சந்நிதிக்குப் போகிறேன். இப்போதும் அதிகம் கேட்பதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இன்றைக்கு ஒன்றுமில்லாத கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடும். உங்களுக்குப் பிரார்த்தனை தெரியாமல் இருக்கலாம். இத்தனை நாள் கும்பிடாதவளுக்கு இன்றைக்கு என்ன உரிமை என்று கூச்சமாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாருங்கள், முகத்தை மட்டும் காட்டுங்கள். உங்கள் கைக்கு எட்டியவர்களை நீங்கள் பாருங்கள். எட்டாதவர்களை முருகனிடம் விடுங்கள். தனியாக வரப் பயமென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.